பூனைக்கு விட்ட வழி

வீட்டுக் கதவின் அடிப்பக்கத்தில் ஒரு சாணுக்கும் குறைவாகத் துளை அறுத்து, அதன் மேல்விளிம்பில் கீல் வைத்து மெல்லிய பலகையொன்றைத் தொங்கவிட்டு, பூனை தன் நெற்றியால் முட்டித் தள்ளிக்கொண்டு வேண்டியபோது உள்ளே வரவும் வெளியே போகவும் செய்துவைக்கும் அமைப்பு பூனைக்கதவு எனப்படும். தச்சுவேலை என்ற அளவில் இதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. துளையின் அடிவிளிம்பு ஏறக்குறைய பூனையின் வயிற்று மட்டத்துக்கு ஒத்திருக்க வேண்டும், எந்தப் பக்கம் தள்ளினாலும் பலகை ஆடித் தானே நேர்நிலைக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவே. ஆனால், ஒருவர் வழியைத் திறந்து வைக்க, மற்றோர் உயிர் அவ்வழியே தன் விருப்பப்படி சென்று தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும் இந்த ஏற்பாட்டில், இந்தியச் சமயவாதிகள் பல நூற்றாண்டுகளாக வாதிட்டுவந்த வினா ஒன்று அடங்கியிருக்கிறது: வழியைத் திறந்துவிட்டவருக்கு, அவ்வழியே நடந்த செயலில் பங்கு உண்டா, உண்டெனில் எவ்வளவு?

இவ்வினாவை எண்ணிப் பார்ப்பதற்குப் பொதிகை மலையடிவாரத்தில் தாமிரபரணிக் கரையில் அமைந்த விக்கிரமசிங்கபுரம் பொருத்தமான ஊராகும். காரும் பிசானமும் என இரு போகம் விளையும் அம்பாசமுத்திரப் பகுதியில், நெல்லைக் குலுக்கையில் கொட்டி வைத்த வீடுகளுக்கு எலியும், எலிக்குப் பூனையும் என்றும் உடன்வந்தவை. நாட்டு ஓடு வேய்ந்த கூரையின் இடுக்கு, அங்கணத்து நீர் வெளியேறும் மடைவாய், கம்பி மட்டும் வைத்த சாளரம், பகலெல்லாம் திறந்தே கிடக்கும் புறவாசல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று பூனைக்குப் போதுமானதாக இருந்ததால், அதற்கென்று தனியே ஒரு வழி விட வேண்டும் என்ற நினைப்பே அங்கு எழுந்ததில்லை. ஹார்வி நூற்பாலையை ஒட்டி ஊர் பெருகி, பின்னர் கான்கிரீட் தளமும் இரும்புக் கிரில்லும் கொசுவலை அடித்த சன்னலும் வந்த பிறகுதான் வீடு என்பது எல்லாப் பக்கமும் அடைக்கத்தக்க பொருளாயிற்று. அடைக்கத்தக்கதான பின்னரே திறப்பது ஒரு முடிவாகிறது. முடிவு என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குப் பொறுப்பும் வருகிறது. பழைய வீட்டில் பூனை வந்தது, போயிற்று. அதில் எவருடைய அனுமதியும் இல்லை. புதிய வீட்டின் துளையில் வீட்டுக்காரரின் கையொப்பம் இருக்கிறது.

மேலைநாட்டில் இத்துளைக்கு நெடிய வரலாறு உண்டு. இங்கிலாந்தின் எக்சிட்டர் பேராலயத்தில், பழைய வானியல் கடிகாரத்தின் கீழுள்ள கதவில் வட்டமாக ஒரு துளை இன்றும் காணப்படுகிறது. கடிகாரத்தின் பொறிகளில் பூசிய கொழுப்பை நாடி வந்த எலிகளைப் பிடிக்கப் பூனை சென்றுவருவதற்காக, ஆயர் வில்லியம் காட்டன் 1598இல் அதனை அறுப்பித்ததாகப் பேராலய மரபு கூறுகிறது. அதற்கும் முன்னரே அங்குப் பூனைக்கென்று காலாண்டுதோறும் சிறு தொகை கணக்கில் எழுதப்பட்டு வந்தது. பெரிய பூனைக்கு ஒரு பெரிய துளையும் அதன் குட்டிக்கு ஒரு சிறிய துளையுமாக நியூட்டன் இரண்டு துளை அறுத்தார் என்ற கதைக்கு உறுதியான சான்று இல்லை. அறிஞரும் அசடாவது உண்டு என்று சிரிப்பதற்காகவே அது வழங்கிவருகிறது. சைவ சித்தாந்தம் பயின்றவர் இக்கதைக்கு அவ்வளவு எளிதில் சிரிக்க மாட்டார் என்பது பின்னர் விளங்கும்.

தமிழ்நாட்டுச் சமய வாதங்களில் பூனைக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. இராமானுசருக்குப் பின் வந்த வைணவ ஆசிரியர்களிடையே, உயிர் வீடுபேறு அடைவதில் இறைவனின் அருள் மட்டுமே காரணமா, உயிரின் முயற்சிக்கும் அதில் இடம் உண்டா என்ற கருத்து வேறுபாடு எழுந்தது. இதனைப் பிற்காலத்தார் இரண்டு உவமைகளாகச் சுருக்கினர். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்வதுபோல உயிரும் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது மர்க்கட நியாயம். பூனைக் குட்டி ஒன்றும் செய்யாதிருக்க, தாயே அதன் பிடரியை வாயில் கவ்வி எடுத்துச் செல்வதுபோல இறைவனே உயிரை எடுத்துக்கொள்வான் என்பது மார்ச்சால நியாயம். முன்னது வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையாருக்கும், பின்னது பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையாருக்கும் உரியதாகக் கூறப்படும். தென்கலைக் கொள்கைக்கு முழுவடிவம் தந்த மணவாள மாமுனிகள் 1370இல் பிறந்த ஆழ்வார்திருநகரி, விக்கிரமசிங்கபுரத்தைத் தொட்டு ஓடும் அதே ஆறு கடலை நெருங்கும் கீழ்ப்பகுதியில் உள்ளது.

இந்த உவமைகள் பரவலாக அறியப்பட்டவை. அதனாலேயே அவற்றின் குறை கண்ணுக்குப் படுவதில்லை. குட்டிப் பருவத்தின் தொடக்கத்தில் மட்டுமே பூனை கவ்விச் செல்லப்படும் உயிராக இருக்கிறது. எஞ்சிய வாழ்நாள் முழுவதும், வீட்டு விலங்குகளுள் எவரும் கட்டிவைக்காத, மேய்த்துவராத, தன் போக்கில் போய்த் தன் போக்கில் திரும்பும் உயிர் அது. வாதிட்டவர்கள் குட்டியை எடுத்துக்கொண்டு வளர்ந்த பூனையை விட்டுவிட்டனர். பூனைக்கதவு தொடர்புபடுவது அந்த வளர்ந்த பூனையோடுதான்; அங்கே எவரும் எவரையும் கவ்விச் செல்வதும் இல்லை, பற்றிக்கொள்வதும் இல்லை. துளையை அறுத்தது ஒருவர், முட்டித் தள்ளுவது மற்றொன்று. தேசிகரின் கருத்தில், உயிர் செய்யும் சரணாகதி அருளுக்கு விலை அன்று. அருள இருக்கும் இறைவனுக்கு அது ஒரு வியாஜம், அதாவது அருளுவதற்குக் காட்டத்தக்க ஒரு சாக்கு. பூனையின் நெற்றி பலகையில் படுவது இத்தகைய சாக்கு என்று கொள்ளலாம், ஏனெனில் அந்த முட்டல் வழியை உண்டாக்கவில்லை, உண்டாக்கி வைத்த வழியைப் பயன்படுத்துகிறது. லோகாசாரியர் மரபு உயிரிடம் கேட்பது அதனினும் சிறியது. வருகின்ற அருளை விலக்காதிருந்தாலே போதும் என்று அம்மரபு கூறும். பூனைக்கதவில் இந்த விலக்காமை இடம் மாறிவிடுவது கவனிக்கத்தக்கது: அங்கே விலக்காதிருக்க வேண்டியது உள்ளே வரும் உயிர் அன்று, வீட்டுக்கு உரியவர்.

குட்டியையும் குரங்கையும் காட்டிலும் இந்த ஏற்பாட்டுக்கு நெருங்கி வரும் கருத்து, இராமானுசரின் ஸ்ரீபாஷ்யத்திலேயே உள்ளது. பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், உயிரின் செயல் இறைவனைச் சார்ந்ததா என்பதை ஆராயும் பகுதி பராயத்தாதிகரணம் எனப்படும். எல்லாச் செயலும் இறைவனைச் சார்ந்தது என்றால், இதைச் செய், இதைச் செய்யாதே என்று நூல்கள் விதிப்பதற்குப் பொருளில்லை. சார்ந்ததன்று என்றால், அனைத்துக்கும் அவனே அகத்திருந்து இயக்குவோன் என்ற கொள்கை கெடும். இந்த இடுக்கிலிருந்து இராமானுசர் விடுபடும் முறை நுட்பமானது. முதலில் முயல்வது உயிர். அம்முயற்சியை நோக்கி இறைவன் அனுமதி தர, செயல் நிகழ்கிறது. அனுமதி இல்லாமல் எதுவும் நடவாது, ஆயினும் விளைவு முயன்றவனுக்கே உரியது. இதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு கோயிலிலிருந்தோ காட்டிலிருந்தோ வருவதன்று, சொத்து வழக்கிலிருந்து வருவது: இருவருக்குப் பொதுவான ஒரு பொருளை அவர்களுள் ஒருவன் மூன்றாமவனுக்குக் கொடுக்க விரும்பினால், மற்றவனுடைய இசைவு இல்லாமல் கொடுக்க முடியாது, எனினும் இசைவைக் கேட்டுப் பெற்றுக் கொடுத்தவன் அவனே ஆதலால், அதன் பயனும் அவனுக்கே. கீலில் தொங்கும் பலகை இத்தகைய அனுமதியின் மரவடிவம் எனலாம். அது பூனையை அழைப்பதில்லை, தள்ளுவதுமில்லை, முட்டினால் வழிவிடுகிறது.

இவ்வாதம் இறைவனைப் பழியிலிருந்து காக்கிறது. வீட்டுக்காரரையும் காக்குமா என்பதே கடினமான பகுதி. இரவில் துளை வழியே வெளியேறிய பூனை, விடியலில் ஓர் அணிலைக் கவ்விக்கொண்டு வந்து பட்டாசலின் நடுவே போட்டுவிட்டு நிற்கிறது; அணிலின் வால் இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது. கொன்றது பூனை, துளை அறுத்தவர் வெறுமனே அனுமதித்தவர் என்று சொல்லிவிட முடியுமா? சமணம் இதனை ஏற்காது. தான் செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்ததற்கு உடன்படுவது என்ற மூன்றும் வினையைக் கட்டும் என்பது அதன் துணிபு. கழுகுமலைப் பாறையில் திருமேனிகளைச் செதுக்குவித்த சமணத் துறவியர்க்கு, அனுமதித்தவன் என்ற சொல் தப்பிக்கும் வாயிலாக இருந்திருக்காது. 2013இல் வெளியான ஆய்வொன்று, அமெரிக்காவில் மட்டும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரையிலான பறவைகளைக் கொல்வதாக மதிப்பிட்டது. அவற்றுள் பெரும்பகுதி வளர்ப்பவர் இல்லாத பூனைகளின் வேலை எனினும், கதவு திறந்துவிடப்பட்ட பூனைகளின் பங்கும் சிறிதன்று. மனுநூல் இன்னொரு கோணத்தில் இதனை அணுகுகிறது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் என்ற ஐந்தும் இல்லறத்தானுக்குத் தவிர்க்க முடியாத கொலைக்களங்கள், நாள்தோறும் செய்யும் ஐந்து வேள்விகளால் அப்பழி நீங்கும். கதவின் அடித்துளையை ஆறாவது கொலைக்களமாக அந்தப் பட்டியலில் சேர்ப்பதற்குத் தடை எதுவும் தெரியவில்லை. எலி குறைகிறது என்ற ஆதாயத்தை வீட்டுக்காரர் பெற்றுக்கொள்வதால், அவர் வெறும் அனுமதித்தவர் அல்லர், செய்விப்பவரும் ஆவார் எனக் கொள்வதே பொருந்தும். இறைவனுக்கு நெல் மூட்டையும் இல்லை, எலிப் பயமும் இல்லை என்ற வேறுபாட்டை இராமானுசரின் வாதம் முன்கூட்டியே எடுத்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் அடைத்து வைத்துவிடலாம் என்பது விடையாகாது. ஒரு பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், மண்ணில் திரியும் சிறு உயிர்களைத் தின்று பிழைக்க அதனை விடவும் செய்யாமல் சாகவிட்ட ஒரு பெண் தண்டனைக்கு உள்ளானாள் என்று நபிகள் நாயகம் கூறியதாக ஹதீஸ் நூல்கள், அதாவது நபிமொழித் தொகுப்புகள், பதிவு செய்கின்றன. இங்கே குற்றம் அடைத்ததில் இருக்கிறது. வெளியே போய் இரை பிடிப்பது பூனையின் உரிமையாகவே ஏற்கப்படுகிறது. நபித்தோழர் அபூ கதாதா தாம் தூய்மை செய்துகொள்ள வைத்த நீர்ப்பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்குச் சாய்த்துக் கொடுத்ததையும், வியந்து பார்த்த மருமகளிடம், பூனை தூய்மையற்றதன்று, உங்களைச் சுற்றிச் சுற்றி வருவோருள் ஒன்று என நபிகள் சொன்னதை எடுத்துக்காட்டியதையும் அந்நூல்கள் கூறும். குர்ஆனின் 24ஆம் அத்தியாயம், வீட்டில் பணிபுரிவோரும் சிறுவரும் வைகறைக்கு முன்பும், நண்பகல் ஓய்விலும், இரவுத் தொழுகைக்குப் பின்பும் உள்ளே வர அனுமதி கேட்க வேண்டும் என்றும், மற்ற நேரங்களில் அவர்கள் சுற்றி வருவோர் ஆதலால் கேட்காமல் வருவதில் குற்றமில்லை என்றும் விதிக்கிறது. வீட்டின் உள்ளும் புறமும் ஓயாது நடமாடுவோரிடம் ஒவ்வொரு முறையும் அனுமதி எதிர்பார்ப்பது இயலாது என்ற நடைமுறை அறிவே இரண்டு இடங்களிலும் சட்டமாகியிருக்கிறது. மேலப்பாளையத்தில் பள்ளிவாசலின் நீர்த்தொட்டியான ஹவுளைச் சுற்றி அலையும் பூனையை எவரும் விரட்டாததற்குப் பின்னால் இவ்வளவு சட்ட ஆராய்ச்சி இருக்கிறது.

திறந்தாலும் பங்கு, அடைத்தாலும் பங்கு என்ற இந்நிலையில்தான் விக்கிரமசிங்கபுரத்தின் சொந்தச் சிந்தனையாளர் உதவிக்கு வருகிறார். சிவஞான போதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை வகுத்து 1785இல் மறைந்த சிவஞான முனிவர் இவ்வூரினர். ஆனந்தக்கூத்தருக்கும் மயிலம்மைக்கும் மகனாகப் பிறந்து முக்களாலிங்கர் என்று அழைக்கப்பட்டவர். பள்ளி சென்று திரும்பிய சிறுவன், ஊருக்கு வந்திருந்த திருவாவடுதுறை ஆதீனத் துறவியரைத் தந்தை இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் அழைத்துவந்து அமுது செய்வித்து, பின்னர் அவர்களோடே புறப்பட்டுவிட்டான் என்று அவர் வரலாறு கூறுவோர் எழுதுவர். அவர் விளக்கிய சைவ சித்தாந்தத்தில், இறைவனின் அருட்சத்தி உயிரில் பதிவதற்குச் சத்திநிபாதம் என்று பெயர். உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம் பழுத்துக் கழலும் நிலையாகிய மலபரிபாகம் உயிருக்கு உயிர் வேறுபடுவதால், அந்தப் பதிவும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்காகிச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளுக்கும் ஏதுவாகிறது. அவரவர் பக்குவத்துக்கு அளவான வழி என்ற இக்கொள்கை தெரிந்தவருக்கு, குட்டிக்குத் தனித்துளை அறுத்த நியூட்டன் கதையில் அசட்டுத்தனம் குறைவாகவே தெரியும்.

இதனினும் முக்கியமானது மறைத்தல் பற்றிய சித்தாந்தக் கருத்து. இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்றான மறைத்தலைச் செய்வது திரோதான சத்தி. அது மலத்தோடு நின்று அதனை இயக்கிப் பழுக்கச் செய்வதால், உபசாரமாக, அதாவது ஒப்புக்கு, அதனையும் ஒரு மலம் என்று எண்ணுவது உண்டு, உண்மையில் அதுவும் அருளே. வெளிப்படையாக நன்மை செய்வது அறக்கருணை, தண்டிப்பதுபோலும் தடுப்பதுபோலும் நின்று நன்மை செய்வது மறக்கருணை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஊரின் முதுகிலேயே தொடங்கும் இப்பகுதியில், இந்த வேறுபாடு நூலளவில் நின்றுவிடுவதில்லை. 2024 மே மாதம் அருகிலுள்ள வேம்பையாபுரத்தில் வனத்துறை வைத்த கூண்டில் சிறுத்தை பிடிபட்டது. ஆடும் நாயும் தூக்கிச் செல்லப்படும் இடத்தில், இரவில் வெளியே திரியும் பூனை நெடுநாள் பிழைப்பது அரிது. பகலில் வேறொரு தொல்லை: பாபநாசம் படித்துறையில் பக்தர் கையிலிருந்து பழம் பறித்துப் பழகிய குரங்குகள், பூனைக்கு விட்ட துளையில் கையை விட்டுப் பார்க்காமல் போகா, மார்ச்சால நியாயத்துக்குத் திறந்த கதவில் மர்க்கட நியாயமும் நுழைந்துவிடும். இவற்றுக்கு ஒரு தீர்வும் உண்டு. கடையில் விற்கும் பூனைக்கதவுகள் பலவற்றில் நான்கு நிலைப் பூட்டு இருக்கிறது: இரு வழியும் திறப்பு, வருவதற்கு மட்டும், போவதற்கு மட்டும், இரு வழியும் அடைப்பு. அந்தி மயங்கியதும் வருவதற்கு மட்டும் என்று திருப்பிவைத்தால், சிறுத்தையிடமிருந்து பூனைக்கும் பூனையிடமிருந்து அணிலுக்கும் கூட்டிலிருக்கும் குருவிக்கும் ஒருசேரக் காவலாகும். உள்ளே அகப்பட்ட பூனை பலகையை நகத்தால் பறாண்டி ஓலமிடும். அடைத்ததன் காரணம் அதற்கு விளங்காது. விளங்காமையே மறக்கருணையின் இலக்கணம் என்று சித்தாந்தி சொல்வார். ஆனால், காரணம் விளங்கா நிலையில் கருணையும் கொடுமையும் பூனைக்கு ஒன்றுபோலவே தோன்றும் என்பதை வீட்டுக்காரர் மறந்தால், எந்தச் சிறைக்கும் மறக்கருணை என்று பெயர் சூட்டிவிட முடியும்.

அண்மையில் வந்த வகையொன்று, பூனையின் தோலுக்கடியில் வைத்த அரிசிமணி அளவிலான சில்லில் பதிந்த 15 இலக்க எண்ணைப் படித்து, அந்த எண்ணுக்கு மட்டும் திறக்கும். தெருப்பூனை எவ்வளவு முட்டினாலும் அசையாது. உயிர்களை முத்திக்கு உரியவை, என்றும் பிறவியில் உழல்பவை, இருளுக்கே உரியவை எனப் பிறப்பியல்பால் பிரித்த மத்துவரின் கொள்கைக்கு இது பொருந்தும். எல்லா உயிரும் பக்குவப்பட்டே தீரும் என்னும் சைவ சித்தாந்தத்துக்குப் பொருந்தாது. வெளியே நிற்கும் உயிரைப் பற்றிய சிந்தனை மனுநூலிலும் உண்டு. ஐவகை வேள்விகளைச் சொல்லும் இடத்தில், நாய்க்கும் காக்கைக்கும் புழுவுக்கும் சோற்றைத் தரையில் வைக்கச் சொல்லும் அதே சுலோகம், சாதியிலிருந்து விலக்கப்பட்ட மனிதரையும் சண்டாளரையும் அதே வரிசையில் நிறுத்துகிறது. பூனை அடுக்களை வரை போன வீடுகளிலும் கோயில்களிலும் மனிதர் வாசற்படிக்கு இப்பால் நிறுத்தப்பட்டதற்கு வேர் இங்கே இருக்கிறது. விலங்கோடு மனிதரை வைக்கும் அந்த ஒப்பீட்டைச் செய்தது பிற்காலச் சீர்திருத்தவாதிகள் அல்லர், வழக்கமே அதனைச் செய்துவைத்திருந்தது.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் முன்னின்று ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றபோது, சட்டப்படி எழுந்த முதற்கேள்வி உள்ளே போனவர்களைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. வழியைத் திறந்துவிட்ட அறங்காவலர்மீதும் அலுவலர்மீதும் வழக்கு வருமா என்பதும் கேள்வியாக இருந்தது. அதனால்தான் அவ்வாண்டு சென்னை மாகாணம் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே ஆலயப் பிரவேச அனுமதியும் இழப்புப் பொறுப்புக் காப்பும் இணைந்து நின்றன. அனுமதித்தவருக்குச் செயலில் பங்கு உண்டு என்பதைப் ஸ்ரீபாஷ்யத்தைப் படிக்காமலே சட்ட வரைவாளர் ஒப்புக்கொண்டிருந்தனர். ஆயினும் இராமானுசரின் எடுத்துக்காட்டில் அனுமதி என்பது பொருள் இருவருக்கும் பொதுவாக இருக்கும்போது மட்டுமே தேவைப்படுகிறது. கேட்பவனுக்கும் அதில் பங்கு முன்பே இருக்கிறது, அனுமதி கொடுப்பவன் தனக்கு மட்டும் உரியதைக் கொடுப்பதில்லை. மதுரையில் படியேறியவர்களுக்கு இது முழுமையாகப் பொருந்தும், ஏனெனில் அந்தக் கோயில் அவர்களுடையதாகவும் இருந்தது. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகிலேயே பூனை புதைக்கப்பட்டிருப்பதும், குலுக்கை இருந்த வீடுகளில் எல்லாம் அது குடியிருந்ததும், வீட்டில் பூனைக்கும் அத்தகைய பங்கு உண்டு என்று காட்டப் போதுமா என்பது தனியே வாதிக்க வேண்டியது. போதும் எனில், கதவில் துளை அறுக்கும் தச்சர் செய்வது கான்கிரீட் வீடு பிடுங்கிக்கொண்ட மடைவாயைத் திருப்பித் தரும் வேலை மட்டுமே.